ஓட்விடபெரி: ஒரு கைப்பிடியைத் தேடிப் போன பயணம்

10 செப்டம்பர் 2024, செவ்வாய். லின்ஷோப்பிங், ஸ்வீடன்

நேற்று சாயங்காலம் பேரன் வீட்டுப்பாடம் போட்டுக்கொண்டிருந்தான். எல்லாம் பெருக்கல் கணக்கு. முடித்ததும் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களைப் புரட்டி, தன் விடைகளை ஒப்பிட ஆரம்பித்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். தற்செயலாக அந்தப் பக்கத்தின் தலைப்பில் கண் போனது. கத்தியைக் கீழே வைத்துவிட்டேன்.

ஃபேசிட்.

"இது என்னடா?"

"விடை, பாட்டி. கணக்குப் புத்தகத்துல பின்னாடி விடை இருக்கும்ல, அதுக்கு ஸ்வீடிஷ்ல ஃபாசித்னு பேரு."

1976 முதல் 1979 வரை பி.எஸ்சி. ஸ்டாட்டிஸ்டிக்ஸ் படித்த மூன்று வருடமும் எங்கள் லேபில் என் கண்முன்னே இருந்த பெயர் அது. கைப்பிடியைச் சுற்றிக் கணக்குப் போடும் இயந்திரத்தின் நெற்றியில் பொறித்திருக்கும். அதைக் கம்பெனிக்காரர் யாரோ ஒருவரின் குடும்பப் பெயர் என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். லத்தீன் சொல்லாம். இரண்டும் இரண்டும் நாலு ஆகும் என்கிறோமே, அந்த 'ஆகும்'.

ராத்திரி மகள் கைபேசியில் தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அம்மா, அந்த மெஷின் செஞ்ச ஊர் இங்கேருந்து முப்பத்தஞ்சு கிலோமீட்டர்தான்."

மூன்று வாரமாக இந்த ஊரில் இருக்கிறேன். ஏரி, கோயில், கடைத்தெரு எல்லாம் பார்த்தாயிற்று. இது பக்கத்திலேயே இருந்தது தெரியவில்லை. அந்த ஊர் அருங்காட்சியகத்துக்கு மகள் உடனே மின்னஞ்சல் எழுதினாள். நாளைக்கே வரச் சொல்லி காலையில் பதில் வந்துவிட்டது. அவள் மூன்று நாள் விடுப்பு எடுத்தாள். பேரனை மருமகன் பார்த்துக்கொள்கிறார்.

11 செப்டம்பர், புதன். பாதி நாள் மழையில்

ரயில் ரத்து.

அறிவிப்புப் பலகையில் ஸ்வீடிஷில் மட்டும் ஏதோ ஓடியது. மகளுக்கே இரண்டு முறை படித்தபிறகுதான் புரிந்தது: ரயிலுக்குப் பதில் பேருந்து வரும். எங்கிருந்து என்று போடவில்லை. நாங்கள் தவறான பக்கத்தில் நின்றிருந்தோம். முதுகுப்பையோடு வந்த ஒரு பள்ளிக்கூடப் பையன் எங்களைப் பார்த்து நின்று, தெருவைக் கடந்து சரியான இடத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டு, தன் வழியே திரும்பிப் போனான். அவன் எங்கள் பேருந்துக்கே வரவில்லை! மழையில் ஐந்து நிமிடம் எங்களுக்காக நடந்திருக்கிறான்.

அம்பது நிமிடம் நின்றோம். பதினொரு டிகிரி. வரிசையில் இருபது பேர் இருந்தார்கள், ஒருவர்கூடக் குரலை உயர்த்தவில்லை. நம்மூராக இருந்தால் இந்நேரம் யாராவது ஸ்டேஷன் மாஸ்டர் அறைக்குப் போயிருப்பார்கள், நாலு பேருக்குத் தகவலாவது கிடைத்திருக்கும். எனக்கு இரண்டில் எது மேல் என்று சொல்லத் தெரியவில்லை. கால் மட்டும் விறைத்துப்போனது.

ஊர்ப் பெயரை எழுத்துக்கூட்டினால் ஆட்விடபெர்க் என்று வரும். வாயால் சொல்லும்போது ஓட்விடபெரி. ஏழாயிரம் பேர் இருக்கும் சிறு ஊர். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அருங்காட்சியகத்தில் சொன்ன நேரம் தாண்டிவிட்டது. மகள் தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டாள். "நாளைக்கு வாங்க, காபி போட்டு வைக்கிறேன்" என்றது ஒரு வயதான பெண் குரல். ராத் தங்க ஒரு விடுதியில் அறை எடுத்தோம், 890 க்ரோனர். ஒரு க்ரோனர் எட்டு ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஏழாயிரத்துக்கு மேல். கட்டிக்கொண்டு வந்த எலுமிச்சை சாதத்தை அறையிலேயே சாப்பிட்டோம்.

மழை விட்டதும் நடந்தோம். இந்த ஊருக்கு முதலில் சோறு போட்டது செம்பு. நூற்றாண்டுக் கணக்கில் சுற்றுவட்டாரத்தில் செம்பு வெட்டியிருக்கிறார்கள். அடெல்ஸ்வார்ட் என்ற பிரபுக் குடும்பம்தான் முதலாளி. 1900-ஐ ஒட்டி செம்பு தீர்ந்தது. சுற்றிலும் காடு இருந்ததால் மரவேலைக்கு மாறினார்கள், அதில் முக்கியமாக அலுவலக மேசை, அலமாரி. முதல் உலகப் போருக்குப் பிறகு வந்த நெருக்கடியில் அதுவும் நொடித்தது. 1922-ல் வங்கிக்காரரான எலோஃப் எரிக்சன் நிர்வாகத்துக்கு வந்தார். மேசை விற்கிறவன் மேசைமேல் வைக்கிற பொருளையும் ஏன் விற்கக்கூடாது? ஸ்டாக்ஹோமில் சிறிய அளவில் செய்துகொண்டிருந்த ஃபேசிட் கணக்கு இயந்திரம் அந்த 1920களின் தொடக்கத்தில் இங்கே வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகு ஐம்பது வருடம் இந்த ஊரும் அந்த இயந்திரமும் ஒன்றுதான்.

பழைய தொழிற்சாலைக் கட்டடங்கள் ஊர் நடுவிலேயே நிற்கின்றன. அகலமான சன்னல்கள். நுண்ணிய வேலைக்கு வெளிச்சம் வேண்டும், அதற்காகத்தான் இருக்கும்.

மாலையில் கால்பந்து மைதானம் பக்கம் போனோம். பெயர் கொப்பர்வாலன், செம்பு மைதானம். நாயோடு நடந்துகொண்டிருந்த ஒரு பெரியவர் மகளிடம் தானாக நின்று பேச்சுக் கொடுத்தார். இந்த நாட்டில் அது அதிசயம். இந்தச் சிற்றூர் அணி 1971-ல் லண்டன் செல்சீ அணியை கோப்பை வென்ற அணிகளுக்கான ஐரோப்பியப் போட்டியிலிருந்து வெளியேற்றியிருக்கிறது. 1972, 1973 இரண்டு வருடமும் தேசிய சாம்பியன். 1973-ல் பாயர்ன் மியூனிக் இங்கே வந்து மூன்றுக்கு ஒன்று என்று தோற்றது. இரண்டு ஆட்டமும் சேர்த்துச் சமமாகி, பெனால்டியில்தான் பாயர்ன் தப்பியது. அணியை வளர்த்தவர் எலோஃபின் மகன் குன்னார் எரிக்சன், கம்பெனியின் தலைவரும் அவரே. பெரியவர் ஒவ்வொரு கோலும் எந்தப் பக்கம் விழுந்தது என்று கையைக் காட்டிச் சொன்னார். நாய் பொறுமையாக உட்கார்ந்திருந்தது.

"ஆனா அந்த ரெண்டு வருஷந்தான் ஃபேசிட் போச்சு" என்று முடித்துவிட்டு நடையைக் கட்டினார்.

12 செப்டம்பர், வியாழன். அருங்காட்சியகம்

வாசலிலேயே செருப்பைக் கழற்றப் போனேன். "வேண்டாம், இது வீடில்லை" என்று சிரித்தார் அந்த அம்மாள். வீட்டுக்குள் செருப்போடு போகமாட்டார்கள் இங்கே, அந்த விஷயத்தில் நாம் சொந்தக்காரர்கள். எண்பது வயது இருக்கும். பதினாறு வயதில் இந்தத் தொழிற்சாலையில் அசெம்பிளி வேலைக்குச் சேர்ந்தவராம். சொன்னபடி காபியும் ஏலக்காய் போட்ட பன்னும் தயாராக இருந்தன. ஸ்வீடனில் பன்னுக்கு ஏலக்காய் போடுவார்கள் என்று வருவதற்கு முன் யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

முதலில் இயந்திரத்தின் முன்னோர்களைப் பற்றிச் சொன்னார். வில்கோட் ஓத்னர் என்ற ஸ்வீடன் பொறியாளர், ரஷ்யாவில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் லுட்விக் நோபெலின் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 1870களில் பல்சக்கர இயந்திரத்தை வடிவமைத்தார், 1890-ல் பெரிய அளவில் உற்பத்தி தொடங்கியது. ஒரு சக்கரத்தில் ஒன்பது பல். எந்த எண் வேண்டுமோ அத்தனை பல் வெளியே நீளும், மீதி உள்ளே மடங்கிக்கொள்ளும். ஏழு என்றால் ஏழு பல். கைப்பிடியை ஒரு சுற்று சுற்றினால் அந்த ஏழு பல்லும் அடுத்த சக்கரத்தை ஏழு இடம் தள்ளும். கணக்கு அவ்வளவுதான். ரஷ்யப் புரட்சிக்குப் பிறகு ஓத்னர் குடும்பம் யோத்தபோரிக்கு வந்து தொழிலைத் தொடர்ந்தது. 1942-ல் ஃபேசிட்டின் தாய்க் கம்பெனி அதையும் வாங்கிவிட்டது.

ஓத்னர் இயந்திரத்தில் ஒவ்வொரு இலக்கத்துக்கும் ஒரு நெம்பைத் தனித்தனியாக இழுத்து வைக்க வேண்டும். 1932-ல் கார்ல் ரூடின் என்ற பொறியாளர் அதை மாற்றினார். பத்தே பத்து விசை. 347 என்றால் மூன்று, நாலு, ஏழு என்று தட்ட வேண்டியதுதான். சின்ன மாற்றம் என்று படிக்கிறவர்களுக்குத் தோன்றலாம். ஒரு நாளைக்கு ஆயிரம் எண் போடுகிறவளிடம் கேட்டுப் பாருங்கள்! கண் தாளில் இருக்கும், விரல் தானாக ஓடும். இன்னொன்றும் உண்டு. பழைய இயந்திரங்களில் விடை காட்டும் பகுதி, 'வண்டி' என்பார்கள், இடம் வலம் நகர்ந்துகொண்டே இருக்கும். ஃபேசிட்டில் பல்சக்கரத் தொகுதி உள்ளுக்குள்ளேயே நகரும். வெளியே எதுவும் அசையாது. அதனால்தான் எங்கள் லேபில் ஒரு நீள மேசையில் ஆறு பேர் தோளோடு தோள் உரச உட்கார முடிந்தது.

மேசைமேல் ஒரு இயந்திரம் தனியாக எடுத்து வைத்திருந்தார். கையால் சுற்றும் வகை. "போடுங்க" என்று சைகை செய்தார்.

நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது தொட்டு. 347 தட்டினேன். ஆறு சுற்று. இடம் நகர்த்தும் விசையை ஒரு முறை. இரண்டு சுற்று. மொத்தம் எட்டு. சன்னலில் 9022. 347-ஐ 26-ஆல் பெருக்கியாயிற்று. யோசிக்கவே இல்லை, மணிக்கட்டு தானே செய்தது.

பிறகு அவருக்கு ஒன்று காட்ட ஆசை வந்தது. எங்கள் பேராசிரியர் சொல்லிக்கொடுத்தது. ஒட்டுறவுக் கெழு, அதாவது இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்று காட்டும் எண், போட வேண்டும் என்றால் எக்ஸ் வர்க்கம், ஒய் வர்க்கம், இரண்டின் பெருக்கல் மூன்றும் வேண்டும். தனித்தனியாகப் போட்டால் விடிந்துவிடும். எக்ஸ் 12, ஒய் 7 என்றால் நடுவில் சுழி வைத்து 120007 என்று தட்டு. அதை அதாலேயே பெருக்கு. பத்தே சுற்று. விடை 14401680049. இடமிருந்து வெட்டிப் படி: 144, 0168, 0049. முதலாவது 12-ன் வர்க்கம். கடைசி 7-ன் வர்க்கம். நடுவில் இருப்பது 12, 7 பெருக்குத்தொகையின் இரு மடங்கு. அழிக்காமல் அடுத்த ஜோடியைப் போட்டுக்கொண்டே போனால் மூன்று கூட்டுத்தொகையும் ஒரே சன்னலில் தானாகச் சேர்ந்துகொண்டே வரும்.

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். மகள் மொழிபெயர்த்துக் கொடுக்கும் முன்பே அவருக்குப் புரிந்துவிட்டது. என் கையைத் தட்டிக் கொடுத்தார். ஆயிரக்கணக்கில் இந்த இயந்திரங்களைப் பூட்டிய கை. அதில் இப்படி ஒன்று செய்யலாம் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லையாம்.

இப்போது அவர் முறை. வகுத்தல். எண்ணை ஏற்றிவிட்டுக் கைப்பிடியைப் பின்பக்கமாகச் சுற்றிக் கழித்துக்கொண்டே போனார். ஒரு சுற்று அதிகமானதும் உள்ளே மணி அடித்தது. உடனே முன்பக்கம் ஒரு சுற்று, இடம் நகர்த்தல், மறுபடி பின்பக்கம். "மணி அடிச்சா முன்னாடி ஒன்னு" என்று எங்கள் லேபில் வகுப்பே கோரஸாகச் சொல்லும். அதைத் தமிழிலேயே சொன்னேன். அவர் ஸ்வீடிஷில் ஏதோ சொன்னார். இரண்டும் ஒன்றுதான் என்றாள் மகள்.

சென்னையில் பெருங்குடியில் ஃபேசிட் ஏசியா தொழிற்சாலை இருந்தது, எங்கள் ஊர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் ஃபேசிட்டும் ஹால்டாவும்தான் என்றேன். "மெட்ராஸ்" என்று தலையசைத்தார். ஹால்டாவும் இவர்கள் வாங்கிய கம்பெனிதான்.

மத்தியானம் பக்கத்து உணவகத்துக்கு அவரே கூட்டிப்போனார். வியாழக்கிழமை என்றால் நாடு முழுக்கப் பட்டாணி சூப்பும் பான்கேக்கும். மஞ்சள் பட்டாணியை வேகவைத்துக் கடைந்தது, நம் பருப்புக் கடைசலுக்குத் தூரத்து உறவு. மேலே கடுகு விழுதைக் கரைத்துச் சாப்பிட வேண்டும். அதில் பன்றி இறைச்சித் துண்டு கிடக்கும், எனக்கு அது இல்லாமல் கேட்டு வாங்கித் தந்தார். ஆளுக்கு 125 க்ரோனர், காபி உள்பட. நோட்டை நீட்டினேன், வாங்கவில்லை. கார்டு மட்டும்தான்.

சாப்பிடும்போதுதான் அந்தக் கடைசிக் காலத்தைப் பற்றிக் கேட்டேன். 1970-ல் உலகெங்கும் ஏறக்குறைய 14,000 பேர் இந்தக் கம்பெனிக்கு வேலை பார்த்தார்கள். மூன்றே வருடத்தில் எலெக்ட்ரோலக்ஸ் என்ற இன்னொரு ஸ்வீடன் கம்பெனியின் கைக்குப் போய்விட்டது. ஜப்பானிலிருந்து மின்னணுக் கால்குலேட்டர் வந்து விலை சரசரவென்று இறங்கியதுதான் காரணம்.

வருவது தெரியாமல் தூங்கிவிட்டார்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். நானும் அப்படித்தான் படித்திருந்தேன். இங்கே வந்து பார்த்தபின் அது சரியில்லை என்று படுகிறது. ஃபேசிட் 1950களிலேயே கம்ப்யூட்டர் ஆட்களைச் சேர்த்து, 1957-ல் சொந்தமாகக் கம்ப்யூட்டரே செய்தது. 1960களில் ஜப்பானின் ஹயகாவா கம்பெனி, இன்றைய ஷார்ப், செய்த மின்னணுக் கால்குலேட்டரைத் தன் பெயர் போட்டு விற்கவும் செய்தது. தெரியாமல் இல்லை. தெரிந்தாலும், பல்சக்கரமும் சுருள்வில்லும் அறிந்த ஆயிரம் ஆயிரம் கைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அந்தக் கைகள்தான் கம்பெனி. அந்தக் கைகள்தான் இந்த ஊர்.

"ஒவ்வொரு ஸ்ப்ரிங்கையும் விரலால் தொட்டுப் பார்த்து, சரியான இழுப்பு இருக்கான்னு சொல்லுவேன்" என்றார் அந்த அம்மாள். "கருவி வச்சு அளந்தாலும் நான் சொன்னதுதான் வரும். புது மெஷின்ல ஸ்ப்ரிங்கே இல்லை." அதற்குப் பிறகு முதியோர் இல்லத்தில் இருபது வருடம் வேலை பார்த்திருக்கிறார். குறையாகச் சொல்லவில்லை. ஆனால் சொல்லும்போது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து இல்லாத ஒரு வில்லை இழுத்துப் பார்த்தன.

என் கையும் அப்படித்தான். கூட்டுறவு வங்கியில் வட்டிக் கணக்குக்கு நான் போனால்தான் மேனேஜர் நிம்மதியாக இருப்பார். சோலார் கால்குலேட்டர் வந்த வருடம் இயந்திரத்தைத் தூக்கி பீரோ மேல் வைத்தார்கள். அன்றைக்கு எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, பாரம் குறைந்தது என்றுதான் நினைத்தேன். இன்றைக்குத்தான் அழுகை வந்தது. சூப்பில் கடுகு அதிகம் என்று மகளிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை.

13 செப்டம்பர், வெள்ளி. திரும்பும் வழி

வெயில். ரயிலும் வந்தது. சின்ன டீசல் ரயில், ஏரிகளும் ஊசியிலைக் காடும் மாறி மாறி வந்தன.

கிளம்புவதற்கு முன் ஒரு பழைய சாமான் கடைக்குள் போனோம். கோப்பை, தட்டு, பனிச்சறுக்குக் கட்டை, நடுவில் ஒரு ஃபேசிட். 150 க்ரோனர், ஆயிரத்து இருநூறு ரூபாய்! கடைக்காரப் பெண்ணுக்கு அது என்னவென்று தெரியும், எப்படிப் போடுவது என்று தெரியாது. கைப்பிடி கொஞ்சம் இறுக்கம், மற்றபடி சுழிக்கு வந்தது. வாங்கிவிட்டேன். செய்தித்தாளில் ஒவ்வொரு விசையாகச் சுற்றிக் கொடுத்தார் அந்தப் பெண், பத்து நிமிடம் எடுத்துக்கொண்டார், பின்னால் நின்ற யாரும் முகம் சுளிக்கவில்லை.

வீட்டில் தராசில் வைத்தால் ஏழு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. மகளுக்குக் கவலை. பேரன் மட்டும் எண்ணெய் விட உதவினான். தையல் இயந்திர எண்ணெய், சொட்டுச் சொட்டாக. தூங்கப் போகும் முன் தன் வீட்டுப்பாடத்தை அதில் போட்டுப் பார்த்தான். புத்தகத்தின் பின்பக்கத்தைத் திருப்பவில்லை.

18 செப்டம்பர், புதன். சென்னை

விடியற்காலை. எக்ஸ்ரேயில் என் பையைப் பார்த்ததும் ஒரு பையன் அதிகாரி நிறுத்திவிட்டார். உள்ளே சக்கரமும் கம்பியுமாகத் தெரிந்திருக்கும். திறக்கச் சொன்னார்கள். புடவைக்குள் பொதிந்து வைத்திருந்ததை எடுத்தேன். "என்ன மெஷின் மேடம்? என்ன விலை?" ரசீதைக் காட்டினேன். அது ஸ்வீடிஷில். இரண்டு பேர் சேர்ந்து பார்த்தார்கள். எனக்குக் கால் வலித்தது, பின்னால் வரிசை நீண்டது.

உள்ளேயிருந்து மூத்த அதிகாரி ஒருவர் வந்தார். ஓய்வு பெறப்போகும் வயது. பத்தடி தூரத்திலேயே நின்றுவிட்டார்.

"ஃபேசிட்டா மேடம்?"

"ஆமா சார்."

"ஸ்டாட்டிஸ்டிக்ஸா?"

"எழுபத்தொன்பது பேட்ச்."

"நான் எண்பத்தஞ்சு." கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டு எண்களைத் தட்டினார். கைப்பிடியைப் பின்பக்கமாகச் சுற்றினார், ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. மணி அடித்தது. சுற்றி நின்ற பையன்கள் திடுக்கிட்டார்கள். அவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் முன்பக்கம் ஒரு சுற்று சுற்றி, இடத்தை நகர்த்தினார்.